அம்மச்சி சொன்ன தொண்ணூற்றொன்பது

இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகிறேன் என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விதான். சம்பளம் எவ்வளவு, ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தாய். பார்த்துக்கொள்ளப் போகிற மனுஷி ஒருநாள் கண்ணை மூடுவாள், அன்றைக்கு நீ என்ன செய்வாய் என்று யாரும் கேட்பதில்லை. என்னிடமும் கேட்கவில்லை. மார்த்தாண்டம் பக்கத்தில் நர்சிங் முடித்துவிட்டு, ஏஜென்டுக்கு எட்டு லட்சம் கட்டி, அதில் ஆறு லட்சம் வட்டிக்கு வாங்கி, 2015 ஜனவரியில் நான் போய் இறங்கினேன். சரியாக நாலு வருடம் ஒரே அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மாவைப் பற்றியும், அவர் போன பிறகு நான் பட்ட பாட்டைப் பற்றியும்தான் இது. இரண்டையும் பிரித்து எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை.

பேர்ஷேபா நகரத்துக்கு வெளியே, பாலைவனத்தில், நெவாத்திம் என்று ஒரு ஊர். கொச்சி யூதர்கள் 1954-இல் வந்து குடியேறிய ஊர்களில் ஒன்று. இது எனக்கு அப்போது தெரியாது. ஏஜென்ட் சொன்னது "பாட்டி, நடப்பார், சர்க்கரை உண்டு" என்பது மட்டும்தான். அரைகுறையாகப் படித்து வைத்திருந்த ஹீப்ருவை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே கதவைத் தட்டினேன். திறந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார், "ஊண் கழிச்சோ மோளே?" என்று கேட்டார். சாப்பிட்டாயா மகளே. எங்கள் குமரி மாவட்டம் பழைய திருவிதாங்கூர். வீட்டில் தமிழ், சந்தையில் பாதி மலையாளம். ஆனால் அந்த அம்மாவின் மலையாளம் எங்கள் பூட்டியின் வாயில் கேட்டது மாதிரி பழசாக இருந்தது. நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பேரப்பிள்ளைகள் எல்லாம் "சவ்தா" என்பார்கள், ஹீப்ருவில் பாட்டி. நான் அன்றிலிருந்து அம்மச்சி என்றே கூப்பிட்டேன்.

அம்மச்சி பிறந்தது சேந்தமங்கலம். பெரியாற்றங்கரையில், பரவூர் பக்கம். அங்கே ஒரு குன்றையொட்டி யூதர்களின் ஜெபாலயம், பள்ளிவாசல், தேவாலயம், கோவில் நாலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்த ஜெபாலயத்துக்கு முன்னால் 1269-ஆம் ஆண்டின் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. சாரா என்ற பெண்ணுடையது. "எங்கள் ஊரில் கல் கிடைத்தவளும் பெண்தான்" என்று அம்மச்சி பெருமையாகச் சொல்வார். பதினாறு வயதில் கல்யாணம். மூன்று குழந்தைகளோடு, முப்பதை நெருங்கும்போது கப்பலா விமானமா என்றுகூடத் தெரியாமல் கிளம்பினார்களாம். நினைத்தவுடன் கிளம்பவும் முடியவில்லை. கொச்சிக்காரர்கள் யானைக்கால் நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று இஸ்ரேலில் பயந்து, அவர்கள் வருவதைச் சில வருடம் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். "ராத்திரி உறங்குகிறவரை எழுப்பி ரத்தம் எடுத்தார்கள், பைத்தியங்கள்" என்பார். யானைக்கால் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடும், அதனால்தான் அம்மச்சி என்று நான் விளக்கினால், "நீ அவர்கள் கட்சியா?" என்பார். பம்பாய் போய் விமானம் ஏறி, ஆறும் தென்னையும் விட்டு, ஒரு மரம்கூட இல்லாத மண்ணில் வந்து இறங்கியிருக்கிறார். வந்த முதல் வாரம் குளிக்கக் கடவு எங்கே என்று கேட்டாராம். அப்புறம் நாலு குழந்தை. கணவரோடு சேர்ந்து பூ வளர்த்தார். ஏற்றுமதிக்குப் போகிற பூ. அந்தக் கையால்தான் எனக்கு மீன்கறி வைக்கவும் கற்றுக்கொடுத்தார், உள்ளியைச் சுட்டு அரைத்து.

2016 கடைசியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மச்சியிடம் ஹீப்ரு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போக ஆரம்பித்தது. மறதி நோய் வந்தவர்களுக்குப் பிற்பாடு கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி கடைசிவரை நிற்கும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, பார்ப்பது வேறு. மகன் ஹீப்ருவில் கேட்பார், அம்மச்சி மலையாளத்தில் பதில் சொல்வார், மகன் என்னைப் பார்ப்பார். மூத்தவருக்குச் சமையல் சாமான் பெயரும் நாலு வசவும் தெரியும். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஏழு பிள்ளை, முப்பதுக்கு மேல் பேரப்பிள்ளை பெற்ற ஒரு மனுஷி பேசுவது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. சாயங்காலம் ஆனால் "வஞ்சி வந்நோ?" என்று கேட்பார். படகு வந்ததா என்று. "வாதிலடய்க்கு மோளே, தவள கேறும்" என்பார். கதவைச் சாத்து, தவளை உள்ளே வந்துவிடும். வருடத்தில் நாலு நாள் மழை பெய்கிற ஊரில் தவளைக்கு எங்கே போவது? நான் எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வருவேன். சாத்தினால் நிம்மதியாகத் தூங்குவார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஒருவரோடு இருக்கிறவர்கள், "நீங்கள் இப்போது நெவாத்திமில் இருக்கிறீர்கள், இது 2017" என்று திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். நான் முதல் ஆறு மாதம் அதைத்தான் செய்தேன். இரண்டு பேருக்கும் கண்ணீர்தான் மிச்சம். "வஞ்சி வரட்டும், யார் வருகிறார்கள் அதில்?" என்று திருப்பிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் கதைகள் வர ஆரம்பித்தன. மாமா வருவார், பரவூரிலிருந்து துணி வரும், கல்யாணப் பாட்டுக்காரிகள் வருவார்கள். அந்தப் பெண்களுக்கு மலையாளத்திலேயே நூற்றுக்கணக்கான பாட்டு உண்டு. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பெண்கள் கூடிப் பாடுவது, நோட்டில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்கு வருவது. அம்மச்சி பாடும்போதெல்லாம் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்வேன். ஐந்து நிமிடம், மூன்று நிமிடம் என்று நாற்பது துண்டுக்கு மேல் சேர்ந்தது. ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை, தேதி குறிக்கவில்லை. போனைத் தவிர வேறெங்கும் எடுத்து வைக்கவும் இல்லை. எங்கே ஓடிவிடப் போகிறது என்ற நினைப்பு.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். சேந்தமங்கலம் முழுகிவிட்டது. அங்குள்ள கைத்தறி நெசவாளர்களின் தறி, நூல், ஓணத்துக்கு நெய்து வைத்த துணி எல்லாம் சேற்றில். செய்தியில் வந்த வீடியோவை அம்மச்சிக்குக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது என்று அப்போது தோன்றியது, அப்படி ஒரு பதற்றம். "தொண்ணூற்றொம்பது, தொண்ணூற்றொம்பது" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பக்கத்தில் இருந்த பேரன் என்ன சொல்கிறார் என்று கேட்டான். தொண்ணூற்றொன்பது என்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். அவன் சிரித்துவிட்டான். "சவ்தாவுக்கு அடையாள அட்டைப்படி தொண்ணூறுதான். இன்னும் ஒன்பது வருஷத்தைக் கூட்டிக்கொள்கிறாள்." அட்டையில் பிறந்த வருடம் 1928 என்று மட்டும் இருக்கும். நாளும் மாதமும் இருக்க வேண்டிய இடத்தில் சுழியம். தேதி தெரியாமல் வந்து இறங்கியவர்கள் பலருக்கும் அப்படித்தான். நானும் சிரித்தேன். அன்று முழுக்க அம்மச்சி எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார், நடுவில் பாடினார். நான் பாட்டுக்காகப் பதிவை ஓடவிட்டேன். பாட்டு நன்றாக இருந்ததால் வாட்சப்பில் என் அம்மாவுக்கும் அனுப்பினேன். அதோடு மறந்துவிட்டேன்.

2019 ஜனவரியில் படுத்த படுக்கையானார். கடைசி நாலைந்து நாள் விரல்கள் போர்வையின் மேலேயே மேய்ந்துகொண்டிருந்தன. நர்சாக எனக்கு அது என்ன அறிகுறி என்று தெரியும். ஆனால் அம்மச்சியின் விரல் சும்மா மேயவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பொறுக்கும், ஓரமாகப் போடும், மறுபடி பொறுக்கும். "கல்லு" என்று முனகுவார். பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு அரிசி பொறுக்குகிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. ஐரோப்பிய யூதர்கள் வழக்கமாகப் பஸ்கா நாட்களில் அரிசியே தொடமாட்டார்கள். கொச்சிக்காரர்கள் சாப்பிடுவார்கள், ஆனால் கோதுமை மணி ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல வாரங்களுக்கு முன்பே உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பார்த்து எடுப்பார்கள். நாலு வருடமும் நான் அவரோடு உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறேன். அவர் வேகத்துக்கு எனக்குக் கை வராது. ஒரு வெள்ளைத் துணியை மடியில் விரித்துக் கொஞ்சம் அரிசி போட்டேன். விரல் அரிசியைத் தொட்டதும் முகம் அமைதியாகிவிட்டது.

23-ஆம் தேதி புதன்கிழமை விடிகாலை நாலு மணிக்கு உயிர் போனது. மதியம் இரண்டு மணிக்கு அடக்கம் முடிந்துவிட்டது. மறுபடி படித்துப் பாருங்கள், பத்து மணி நேரம். எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீட்டில் சாவு என்றால் பெட்டி வரும், பூ வரும், ராத்திரி முழுக்கப் பாட்டு, வெளிநாட்டில் இருக்கிற மகன் வரும்வரை ஃப்ரீசர். அங்கே அதெல்லாம் இல்லை. முடிந்தால் அன்றைக்கே அடக்கம். ஹெவ்ரா கதீஷா என்று அடக்கச் சங்கம் ஒன்று உண்டு, அவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். பெண்ணைப் பெண்களே குளிப்பாட்டி வெள்ளைத் துணி உடுத்துகிறார்கள். பெட்டி கிடையாது, முகம் பார்க்க வைப்பது கிடையாது. நான் நல்ல புடவை எடுத்து வைத்து, தலை சீவிவிடச் சீப்பையும் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் கிழித்தார்கள், மகன்கள் கதீஷ் என்ற ஜெபத்தைச் சொன்னார்கள், மண் போட்டார்கள். பூ வளர்த்த மனுஷிக்கு ஒரு பூ வேண்டாமா என்று ஓடிப்போய்ப் பறித்து வந்தேன். வேண்டாம், வழக்கமில்லை என்று ஒரு மருமகள் மெதுவாகச் சொல்லி, என் கையில் ஒரு சின்னக் கல்லைக் கொடுத்தார். கல்லறைமேல் கல் வைப்பதுதான் முறை. அந்தப் பூவை என்ன செய்வது என்று தெரியாமல் பையிலேயே வைத்திருந்தேன். விடைபெற வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்த விடிகாலையிலேயே, ஆட்கள் வருவதற்கு முன், தனியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிடுங்கள். அப்புறம் வாய்ப்பு வராது.

பிறகு ஷிவா, ஏழு நாள் துக்கம். அடக்கம் செய்த நாளும் கணக்கில் சேரும். வீட்டுக் கண்ணாடிகளை மூடிவிடுகிறார்கள், பிள்ளைகள் தாழ்வான இருக்கையில் உட்காருகிறார்கள், வாசல் கதவு திறந்தே கிடக்கும், வருகிறவர்கள் தட்ட மாட்டார்கள். துக்க வீட்டில் சமைக்க மாட்டார்கள், அக்கம்பக்கம் கொண்டுவரும். வந்தவுடன் ஆறுதல் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது, துக்கக்காரர் வாய் திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். போகும்போது "இனி துக்கம் அறியாதிருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இது தெரியாமல் நான் முதல் இரண்டு நாள் நூற்றுக்கணக்கான டீ போட்டு, தட்டு கழுவி, கதவைச் சாத்திச் சாத்தி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இளைய மகள் என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, "நீயும் உட்கார், உனக்கும்தான் போயிருக்கிறாள்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதியை விட்டுவிட்டேன். மீதிப் பாதியைப் பின்னால் சொல்கிறேன்.

ஷிவாவில் ஆளாளுக்கு அம்மச்சியின் கதை சொன்னார்கள். கதைகள் எல்லாம் 2016-இல் வந்து நின்றுவிட்டன. அப்புறம் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கடைசி இரண்டு வருடம் என்ன பேசினாள், எங்களைப் பற்றி ஏதாவது சொன்னாளா? என்னால் சொல்ல முடிந்தது தவளையும் படகும்தான். மற்றதெல்லாம் தலைக்குள் குழம்பிக் கிடந்தது. யார் யாருக்கு மாமா, எந்தக் கல்யாணம், எந்த வருஷம், எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு பேத்தி கேட்டாள், "என் பெயரைச் சொன்னாளா?" சொன்னார் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்றும் உறுத்துகிறது. தினம் இரண்டு வரி, ஒரு நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தால் போதும்.

எட்டாம் நாளிலிருந்து வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். அது எனக்கும் வீடு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டு நோட்டு ஒன்று பழைய ஜெபப் புத்தகங்களோடு பெட்டியில் கிடந்தது. கடவுள் பெயர் எழுதிய தாள்களை யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள், சேர்த்து வைத்துப் புதைப்பார்கள். உள்ளே மலையாள எழுத்து, யாருக்கும் வாசிக்க வராது. நான் எழுத்துக்கூட்டி "கல்யாணப் பாட்டு" என்று படித்துக் காட்டியதும்தான் மூத்தவர் அதை எடுத்துத் தனியாக வைத்தார். பெரியவர்கள் வீட்டில் புரியாத எழுத்தில் ஏதாவது கிடைத்தால் முதலில் ஒரு போட்டோவாவது எடுத்துவிடுங்கள். ஜெருசலேமில் தேசிய நூலகத்தில் இப்படிப்பட்ட பாட்டுகளின் ஒலிப்பதிவுகளையே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி பணம். துக்க வீட்டில் பணம் பேசக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு. கணக்குப் பார்க்க வந்த ஒரு உறவினர் ஹீப்ருவில் ஒரு தாளை நீட்டினார். 9,000 ஷெக்கல், எல்லாக் கணக்கும் முடிந்தது என்று கையெழுத்துப் போடு என்றார். எனக்கு ஹீப்ரு பேச வரும், தாள் நிறைய வக்கீல் பாஷை வராது. போட்டுவிட்டேன். முதலாளி இறந்துபோனால் சட்டப்படி அது வேலையிலிருந்து நீக்கிய மாதிரிதான் கணக்கு. ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் உண்டு. அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 5,300 ஷெக்கல். நாலு வருடத்துக்கு 21,200. வித்தியாசம் நம் காசுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பராமரிப்பு வேலையில் சில மணி நேரத்துக்கான சம்பளம் தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து நர்சிங் கம்பெனி வழியாக வரும். அந்தப் பங்குக்கான தொகையைக் குடும்பத்திடம் அல்ல, கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். டெல் அவீவில் காவ் லாஓவேத் என்று தொழிலாளர்களுக்கு உதவுகிற அமைப்பு இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தபோது அவர்கள் முதலில் கேட்டது சம்பளச் சீட்டுகள். என்னிடம் இருந்தது பதினேழு. மீதியை எறிந்திருந்தேன். கம்பெனிப் பங்கில் கொஞ்சம் வந்தது, குடும்பத்துப் பங்கை நான் விட்டுவிட்டேன். சண்டை போட்டிருக்கலாம் என்றார்கள். "நீயும் உட்கார்" என்று சொன்னவரை எதிர்த்து எப்படிப் போவது? ஆகையால் போகிறவர்கள் சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்து வையுங்கள், புரியாத தாளில் "நாளைக்குப் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லப் பழகுங்கள். நாளைக்கு என்று சொன்னதற்காக யாரும் உங்களை வெளியே தள்ளப் போவதில்லை.

விசாவும் முதலாளியோடு கட்டியது. அவர் போனால் குறிப்பிட்ட காலத்துக்குள், உரிமம் பெற்ற முகமை மூலம் வேறு ஆளைத் தேடிக்கொள்ள வேண்டும். வந்து 63 மாதம் தாண்டியிருந்தால் அதுவும் சுலபமில்லை. எனக்கு 48 மாதம்தான், தப்பித்தேன். டெல் அவீவ் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு அறையில் எட்டுப் பெண்கள், ஒரு கட்டில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு முப்பத்தெட்டு நாள் கிடந்தேன். சம்பளம் இல்லை, ஊரில் வட்டி ஓடுகிறது. அங்கே படுத்திருந்த ஒரு ராத்திரி அம்மா போன் செய்தாள். ஊர்க்கதை பேசிக்கொண்டு வரும்போது, வெள்ளத்தில் வீடு போன ஒரு உறவுக்காரரைப் பற்றிச் சொல்லி, "தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு அப்புறம் இப்படி வந்ததில்லை என்று பாட்டி சொல்வாளே, அந்த மாதிரி" என்றாள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூற்றொன்பது என்பது மலையாள நாட்காட்டியில், அதாவது கொல்லம் ஆண்டில், 1099, கர்க்கடக மாதம். 825-ஐக் கூட்டினால் 1924. பெரியாறு பொங்கிப் பாதி நாட்டை மூழ்கடித்த வெள்ளம். மலையாளத்துக்காரர்களும் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களும் வயதையும் வீட்டையும் அதை வைத்துத்தான் கணக்குப் பண்ணுவார்கள். அம்மச்சி வயதைச் சொல்லவில்லை, வெள்ளத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்த நான், அதை அப்படியே எண்ணாக மொழிபெயர்த்து, அவர் பேரனைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மூத்த மகனுக்கு மறுநாளே போன் செய்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கல் செதுக்கியாகிவிட்டது, முப்பதாம் நாள் வைத்துவிட்டோம், தொண்ணூறு வயது என்று போட்டிருக்கிறது என்றார். வெள்ளத்தின்போது பிறந்திருந்தாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். பதிவு இருக்கிறது என்றேன். இருந்ததுதான். ஆனால் இடமாற்ற அவசரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் விழுந்து அதற்கு முந்தின வாரமே செத்திருந்தது. கடைக்காரர் உள்ளிருப்பதை மீட்டுத் தருகிறேன் என்று 1,100 ஷெக்கல் வாங்கினார், ஆறு துண்டு கொடுத்தார், அதில் இரண்டு காய்கறிக் கடையில் தெரியாமல் பதிவானது. மீட்டுத் தருவதாகச் சொல்பவரிடம் முன்பணமாக முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். அதைவிட, ஒரே பொருளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஆளிடம் இருக்கட்டும். என் விஷயத்தில் அந்த வேறு ஆள் என் அம்மாதான். அவள் போனில் பாட்டு இருந்தது. பாட்டு முடிந்ததும் அவள் நிறுத்திவிடுவாளாம், அதற்குப் பின்னால் இரண்டு நிமிடம் பேச்சு இருப்பது அவளுக்கே தெரியாது.

பெரியவர்களிடம் எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்காதீர்கள், பதில் வராது. எந்த வெள்ளம், எந்தப் பஞ்சம், எந்தப் பண்டிகைக்கு எத்தனை நாள் முன்பு பின்பு என்று கேளுங்கள். பதிவைத் தொடங்கும்போது உங்கள் குரலிலேயே தேதியையும் அவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். பிறகு தேடும்போது அது எவ்வளவு உதவும் என்று எனக்குத்தான் தெரியும்.

புது வேலை ஹைஃபாவில் கிடைத்தது. அம்மச்சி போய் ஒரு வருடம் முடிந்ததும் 2020 ஜனவரி 23 அன்று லீவு போட்டுவிட்டு, மூன்று மணி நேரம் பயணம் செய்து நெவாத்திம் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. கல்லறையில் ஒரு ஆள் இல்லை. நினைவு நாள் ஹீப்ரு நாட்காட்டிப்படி, ஷெவாத் மாதம் 17. அந்த வருடம் அது பிப்ரவரி 12-இல் வந்தது. நம்மூரில் திதி பார்ப்பது மாதிரிதான், இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போனது. பிப்ரவரியில் இன்னொரு நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு மறுபடி போனேன்.

ஜெபம் முடிந்து எல்லாரும் கல் வைத்த பிறகு, மூத்தவர் அதைப் போடு என்றார். போனை நடுவில் பிடித்துக்கொண்டு, பாட்டைத் தாண்டிப் பேச்சு வந்த இடத்திலிருந்து ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஹீப்ருவில் சொன்னேன். தொண்ணூற்றொன்பதில் வெள்ளம் வாசல்படி ஏறியது. அம்மாவைக் குன்றுக்கு வஞ்சியில் கொண்டுபோனார்கள். நான் வயிற்றில், ஆறு மாதம். வெள்ளம் வடிந்தது, சிம்ஹத் தோராப் பண்டிகைக்கு எல்லாரும் ஜெபாலயத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள், நான் பிறந்தேன். அப்படியானால் 1924 அக்டோபர். இறக்கும்போது தொண்ணூற்று நாலு முடிந்திருந்தது. கடைசியில் குரல் என் பக்கம் திரும்பி, வாதிலடய்க்கு மோளே என்கிறது. அதையும் சொன்னேன், தவளையையும் சேர்த்து. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த இடத்திலேயே குடும்பக் குழுவில் பதிவை அனுப்பிவிட்டேன். போனில் ஒன்பது சதவீதம்தான் சார்ஜ் இருந்தது.

கல்லறைக் கல்லில் எண்ணையும் எழுத்தாகத்தான் செதுக்கியிருந்தார்கள். ஹீப்ருவில் தொண்ணூறுக்கு ஒரே ஒரு எழுத்து. தொண்ணூற்று நாலு என்றால் அதன் பக்கத்தில் நாலுக்கான எழுத்து ஒன்று கூடச் சேரும். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். எழுத்துக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, இன்னொன்றுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.